உள்ள ஆள் இருக்கா?

மார்கழி மாசத்து ஏரித் தண்ணீர் எங்கேயாவது சுடுமா? கஸ்பாருக்குச் சுட்டது.

வேலையாட்களை நேரத்தோடு அனுப்பிவிட்டு, காலில் ஒட்டிய சிமெண்டைக் கழுவலாம் என்று புதிதாகக் கட்டிய படித்துறையில் இறங்கினான். இந்த மாசத்தில் கொம்மனள்ளி ஏரியில் கால் வைத்தால் குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் காலை விட்டான். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்தது போல. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான். கொஞ்சம் தள்ளிப் போய் விட்டுப் பார்த்தான். அங்கே ஜில்லென்று வெட்டியது. திரும்பி வந்து பழைய இடத்தில் விட்டான். அதற்குள் இன்னும் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது. கூடவே ஒரு வாடையும் வந்தது.

அந்த வாடை அவனுக்குத் தெரியாதா என்ன? வெந்த பட்டுப்புழுவின் வாடை. கருவாடும் காறிப்போன எண்ணெயும் சேர்ந்த மாதிரி மூக்கின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒரு காலத்தில் கொம்மனள்ளி மொத்தமும் அந்த வாடையில்தான் சாப்பிட்டது, தூங்கியது, கல்யாணம் பண்ணிக்கொண்டது. ஆனால் கடைசி மில் மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது. ஊரில் ஒரு புழுவைக்கூட இப்போது யாரும் அவிப்பதில்லை.

ஊரில் எல்லாரும் கஸ்பாரை மேஸ்திரியார் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். மாதா கோயில் கமிட்டியில் ஆள், ஏரிக்கரை வேலைக்கு சூப்பர்வைசர், தை பிறந்ததும் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவர். இருந்துவிட்டுப் போகட்டும். இந்தக் கதையில் அவன் அவன்தான். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

கொம்மனள்ளி பட்டு நூற்ற ஊர். பென்னாகரம் ரோட்டிலிருந்து பிரியும்போதே புகைக்கூண்டுகள் தெரியும். ஏரியைச் சுற்றி மில்லுக்கு மில் ஒட்டிக்கொண்டு நின்றது. தருமபுரியில் ஏலம் எடுத்த பட்டுக்கூடு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கூட்டை வெந்நீர்த் தொட்டியில் போட்டு, நுனி பிடித்து, நூலை இழுத்துச் சுற்றுவது பெண்கள் வேலை. நாளெல்லாம் வெந்நீரில் ஊறி அவர்கள் விரல்கள் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். மிஞ்சிய புழுவை மில்லுக்குப் பின்னால் ஏரி ஓரத்துக் குழியில் கொட்டுவார்கள். அப்புறம் சீனாப் பட்டு வந்தது, விலை விழுந்தது, மில்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. புகைக்கூண்டுகளைப் பழைய இரும்புக்காரன் வெட்டிக்கொண்டு போனான். வயசுப் பிள்ளைகள் ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனார்கள். ஏரிக்கு மிஞ்சியது ஆகாயத்தாமரையும் பிராந்தி பாட்டிலும்தான்.

அப்படிக் கிடந்த ஊருக்கு இப்போது யோகம் அடித்திருக்கிறது. ஏரிக்கரை மேம்பாடு! நடைபாதை, கலர் விளக்கு, படகுத் துறை, செல்பி எடுக்க ஆளுயர எழுத்தில் ஊர்ப்பெயர். இடியாமல் நின்ற ஒரே மில்லுக்கு வெள்ளையடித்து ஓட்டல் ஆக்குகிறார்கள். ஊர் சோற்றுக்கு அல்லாடியபோது எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் இனிமேல் காபி குடிக்க வருவார்களாம். வரட்டும்.

சேலத்திலிருந்து வந்த இன்ஜினியர் பானுமதிக்கு அந்த மில்லின் மேல் கொள்ளை ஆசை. அதிலும் ஸ்டீம் ரூம் என்றால் உயிர். செங்கல்லில் வளைத்துக் கட்டிய சின்ன அறை, இரும்புக் கதவு, உள்ளே வரிசையாகத் தட்டுகள். கூட்டுக்குள் இருக்கிற புழு பூச்சியாகி, ஓட்டை போட்டு வெளியே வந்துவிட்டால் நூல் அறுந்துபோகும், அந்தக் கூடு குப்பைதான். அதனால் பூச்சியாகும் முன்னே ஆவியில் அவித்துக் கொல்வதற்கான அறை அது. பாய்லர் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. ஆவி வந்த குழாய் சுவரிலிருந்து ஒரு முழம் நீண்டு, அறுபட்டு, வெறுங்காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பானுமதி கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டு, ஆவியைத் திறந்துவிட வெளியே இருக்கிற சக்கரத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தாள். கஸ்பார் மில் வேலையை வேறு ஆட்களிடம் தள்ளிவிட்டான். அந்த வாசலை மிதிக்கவில்லை.

இன்று மத்தியானம்தான் இடி விழுந்தது.

"கஸ்பார் சார், படகுத் துறைய அந்தப் பக்கம் போட முடியாது. அடியில பாறை" என்றாள் பானுமதி. "மில்லுக்குப் பின்னாடி மண்ணு மெத்துன்னு இருக்கு. அங்கயே போட்டுடலாம்."

"எங்கங்க மேடம்?"

"அதான், அந்தப் பழைய குழி மூடுன இடம்."

கஸ்பார் அவசரமாகக் குறுக்கிட்டான். "அது புழு கொட்டுன இடமுங்க. தோண்டுனா நாறுமுங்க."

"நாறுனா அள்ளிப் போட்டுடலாம். காலையில முதல் வேலை அதான்."

ஜேசிபி ஓட்டுகிற நவநீதன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினான். "நாலு வாரு வாருனா முடிஞ்சுதுங்க. அடியில புதையல் கெடச்சா பாதி எனக்குங்க."

அடியில் என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். மில்லில் நூல் இழுத்த புஷ்பமேரியின் எலும்பு இருக்கிறது. காலையில் ஜேசிபி வாரினால் அது ஊர் நடுவில் வந்து விழும். மகள் கல்யாணம் போகும், கோயிலில் நிற்கிற இடம் போகும், மிச்ச ஆயுசு சேலம் ஜெயிலில் போகும். வேலையாட்கள் கிளம்பினதற்கும் வாட்ச்மேன் சாப்பிட்டுவிட்டு வருவதற்கும் நடுவில் அவளைத் தோண்டி எடுத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அதற்குத்தான் ஆட்களை நேரத்தோடு அனுப்பினான்.

அவன் என்ன செய்தான் என்று சொல்ல, ஊர்ப் பழக்கம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். கொம்மனள்ளிக்காரர்கள் எந்தக் கதவைச் சாத்தினாலும், சாத்துமுன் உள்ளே தலையை நீட்டி "உள்ள ஆள் இருக்கா?" என்று மூன்று தரம் கேட்பார்கள். கடை ஷட்டர், பஸ் கதவு, மாடே இல்லாத கொட்டகை, எதுவும் விலக்கில்லை. வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அது மில் காலத்துப் பழக்கம். மார்கழிக் குளிரில் வேலைக்கு வருகிற பெண்கள், தொட்டி காய்கிற வரைக்கும் ஸ்டீம் ரூமுக்குள் புகுந்து, தட்டுகளுக்குப் பின்னால் முடங்கிப் படுத்துக்கொள்வார்கள். முந்தின சூட்டின் கதகதப்பு அங்கே மிச்சமிருக்கும். ஆகவே கதவைச் சாத்துகிறவன் கேட்க வேண்டும். எல்லாப் பெண்களும் கண்ணெதிரே நின்றாலும் கேட்க வேண்டும். கேட்காமல் சாத்துகிறவன் கையால் யாரும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

கஸ்பார் மட்டும் கேட்பதில்லை. ஏனென்றால் அவன் கதவையே சாத்துவதில்லை. படுக்கிற அறை திறந்தேதான் கிடக்கும். குளிக்கிற அறைக்கதவுக்குக்கூடச் செங்கல்லை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் குளிப்பான். பெண்டாட்டி கேட்டால் மூச்சு முட்டுது என்பான்.

இருபது வருஷத்துக்கு முந்தின ஒரு மார்கழி. ஸ்டீம் ரூம் அவன் பொறுப்பில் இருந்தது. வந்த கூடுகளில் பூச்சி விழித்துவிட்டது. ஒன்றிரண்டு ஓட்டை போட ஆரம்பித்தும் விட்டன. முதலாளி பெங்களூரிலிருந்து போனில் கத்தினார். பதறிப்போய்த் தட்டுகளைத் தள்ளினான், கதவை அடித்துச் சாத்தினான், சக்கரத்தைத் திருகினான். கேட்கவில்லை. ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. ஆவி ஏறும்போது குழாய் தட்டும்தான். கூடையோடு அந்தப் பக்கம் போன பாஞ்சாலி என்கிற வேலைக்காரப் பெண் நின்று கேட்டாள்.

"என்னண்ணா சத்தம்?"

"பைப்பு சத்தம்மா. நீ போ."

பாஞ்சாலி போய்விட்டாள். அப்புறம் அந்தக் குழாய் பேசியது. "கஸ்பாரண்ணா" என்றது.

அவன் கை சக்கரத்தின் மேல்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் திருகினால் முடிந்தது. திருகினால் மொத்தக் கூடும் பாழ். கேட்காமல் சாத்தினவன் என்று ஊரே காறித் துப்பும். இதோ நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று நின்றான். நின்றுவிட்டது.

அடப்பாவி என்று வாய்விட்டுச் சொல்லத் தோன்றுகிறதா? சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். ஆனால் அதைவிடப் பெரிய பாவத்தை அவன் அதற்கப்புறம் செய்தான். ஊர் அடங்கினதும் புஷ்பமேரியைப் புழுக்குழிக்குள் தள்ளி மூடிவிட்டு, மறுநாள் அவள் அம்மா சகாயராணியிடம் போய், "உம் பொண்ணு தொப்பூர்ல ஒருத்தன்கூட லாரியில ஏறிப் போறத என் கண்ணால பாத்தேங்க்கா" என்றான். ஒரே தெரு, ஒரே கோயில், யார் சந்தேகப்படுவார்கள்? மேரி ஓடுகாலி ஆனாள். அந்த அவமானத்தில் அவள் அப்பன் குடித்தே செத்தான். சகாயராணி மட்டும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாசலில் நட்சத்திரம் கட்டி விளக்குப் போடுவதை விடவில்லை. ராத்திரியில் வந்தால் பிள்ளைக்கு வீடு தெரிய வேண்டுமாம்.

அதே சகாயராணிதான் இப்போது ஏரிக்கரை வாசலில் டீயும் போண்டாவும் விற்கிறாள். படித்துறையிலிருந்து கஸ்பார் மேலே ஏறி வந்தபோது பெட்டிக்கடையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் போகலையாக்கா?"

"கெளம்பிட்டன் தம்பி. நட்சத்திரத்துக்குப் புது பல்பு வாங்கியாந்திருக்கறன், போயி மாட்டணும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "காலையில இருந்து மில்லு வாசம் அடிக்கிது. உனக்கு அடிக்கலையா?"

"இல்லியேக்கா."

"அவ தலையில, துணியில எல்லாம் இந்த வாசந்தான் வரும். ஏந்தம்பி, நீதான கடைசியா பாத்த. என்ன கலரு தாவணி போட்டிருந்தா?"

வருஷா வருஷம் இதே கேள்விதான். வருஷா வருஷம் அவனும் பதில் சொல்கிறான், வெட்கமே இல்லாமல். "பச்சைக்கா."

"ஆமா, பச்ச" என்றாள் அவள், நிம்மதியாக. பிறகு ஒரு ஆள் குனிந்தால்கூட இடம் கொள்ளாத அந்தப் பெட்டிக்குள் தலையை நீட்டினாள். "உள்ள ஆள் இருக்கா? உள்ள ஆள் இருக்கா? உள்ள ஆள் இருக்கா?"

பலகையைச் சாத்தப் போன கை அப்படியே நின்றது. அவள் மில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஏரிக்கரையில் காற்றே இல்லை. கஸ்பார் காதிலும் அங்கிருந்து ஏதோ சத்தம் விழுந்தது. கேட்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சகாயராணி பலகையைச் சாத்தி, மில்லை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள்.

அவள் தலை மறைந்ததும் மண்வெட்டியையும் கோணிச்சாக்கையும் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் பின்னால் ஓடினான். பொழுது சாய்ந்து, விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டிருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் தாழ்ந்த பனிக்குள் வீடுகள் ஒவ்வொன்றாக மங்கின. தவளைச் சத்தம் எப்போதும் இருக்கும், இன்றைக்கு அதுவும் இல்லை. குழி மூடின இடத்தில் மண் கறுத்து ஈரமாக இருந்தது, அதிலிருந்து மெல்லிசாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது, செருப்பைத் தாண்டி உள்ளங்கால் வரைக்கும் சூடு ஏறியது.

முதல் வெட்டு வெட்டினான். மண்வெட்டி சோற்றில் இறங்குவது மாதிரி இறங்கியது. வாடை முகத்தில் அறைந்தது. மண்ணோடு வந்ததைக் குனிந்து பார்த்தான். புழு. இருபது வருஷத்தில் மண்ணோடு மண்ணாகப் போயிருக்க வேண்டிய புழு, இப்போதுதான் தொட்டியிலிருந்து வடித்துக் கொட்டினது போல, பழுப்பாகப் பளபளத்துக்கொண்டு, சொட்டச்சொட்டக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துக் கலர் விளக்குகள் தாமாக எரிந்தன. சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறி. திருவிழா வெளிச்சத்தில் நின்றுகொண்டு அவன் பிணக்குழி தோண்டினான். யாராவது பார்த்துவிடுவார்களோ என்கிற பயத்தில் கை இன்னும் வேகமாக ஓடியது. வேர்வை வழிந்தது. மார்கழியில் வேர்வை! சேசுவே, சேசுவே என்று வாய் முணுமுணுத்தது. அவரை எந்த முகத்தோடு கூப்பிட்டானோ.

மண்வெட்டி மெத்தென்று எதிலோ பட்டது.

எலும்பு இல்லை. கையால் புழுவை விலக்கினான். வெளிர் மஞ்சள் தெரிந்தது. தடவினால் சொரசொரப்பு, அழுத்தினால் விறைப்பு. வாழ்நாள் முழுக்கத் தொட்ட வஸ்து, விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. பட்டுக்கூடு. ஆனால் இது உள்ளங்கையில் அடங்குகிற கூடு இல்லை. விலக்க விலக்க நீண்டுகொண்டே போனது. முழங்காலை மடக்கி, முகத்தை முழங்காலில் புதைத்து ஒரு பெண் படுத்தால் எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவு பெரிசு.

அதன் தலைப்பக்கம் ஓட்டையாக இருந்தது.

ஓட்டையின் விளிம்பு நனைந்து நெகிழ்ந்திருந்தது. பூச்சி வெளியே வரும்போது எச்சிலால் நனைத்து நனைத்துத்தான் வழி பண்ணும். அந்த ஈரம் இன்னும் காயவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். வெறுமை. அடியில் கந்தலாக ஒரு பச்சைத் துணி மட்டும்.

கஸ்பார் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். ஓடிப்போ என்று புத்தி சொன்னது. எலும்பு எங்கே என்று பயம் கேட்டது. எலும்பு இல்லாமல் எப்படிப் போவது? காலையில் எங்கே கிடைத்தாலும் கிடைத்ததுதானே?

அப்போதுதான் நூல் கண்ணில் பட்டது. ஓட்டையின் ஓரத்திலிருந்து ஒற்றை இழை கிளம்பி, புல் மேலே விளக்கின் நிறத்துக்கெல்லாம் மின்னிக்கொண்டு, மில்லைப் பார்த்துப் போயிற்று. வேறு ஊர்க்காரனாக இருந்தால் தாண்டிப் போயிருப்பான். கொம்மனள்ளியில் பிறந்தவர்களுக்கு நுனி கண்ணில் பட்டால் விரல் சும்மா இருக்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே, யோசித்துக்கொண்டிருக்கும்போதே, விரல் அதைப் பிடித்துவிடும். கஸ்பாரின் விரலும் பிடித்தது. ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இதையும் விட்டுவைக்கக் கூடாது, காலையில் யாராவது பார்ப்பார்கள் என்று தனக்குக் காரணம் சொல்லிக்கொண்டு, சுற்றிக்கொண்டே நடந்தான். ஓட்டைக் கூட்டில் நூல் துண்டு துண்டாகத்தான் வரும். இது அறுபடவேயில்லை. சூடாக வந்தது.

நூல் அவனை ஸ்டீம் ரூம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

இரும்புக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. வாசல் வழியாக விழுந்த விளக்கு வெளிச்சத்தில், கோடியில் இருந்த தட்டின் மேல் வெள்ளையாக ஒரு குவியல் தெரிந்தது. உருண்டையாக ஒன்று. வளைவு வளைவாகச் சில. அதுதான். எப்படி இங்கே வந்தது, யார் கொண்டுவந்து வைத்தது என்று கேட்க நேரமில்லை. வாட்ச்மேன் வந்துவிடுவான். ஒரு வாரு வாரிச் சாக்கில் போட்டால் தீர்ந்தது. கல்யாணம் நடக்கும். ஊர் மேஸ்திரியார் என்றே கூப்பிடும்.

ஆனாலும் அந்தக் கதவை நம்ப முடியுமா? நடைபாதைக்குப் பதிக்க வைத்திருந்த கருங்கல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து கதவுக்கு அண்டக் கொடுத்தான். தள்ளிப் பார்த்தான், அசையவில்லை. அப்புறம்தான் உள்ளே காலை வைத்தான்.

இருபது வருஷம் கழித்து.

சுவர் கதகதவென்று இருந்தது. மாலையெல்லாம் வெயில் பட்ட சுவர், அதுதான் என்று நினைத்துக்கொண்டான். மார்கழிப் பனியில் என்ன வெயில்? கையை நீட்டிக் குவியலைத் தொட்டான்.

எலும்பு இல்லை. கூடு. சின்னச் சின்னக் கூடுகள். அத்தனையும் புதுசு.

ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ புரண்டது.

கையை இழுத்தான். விரலில் சுற்றியிருந்த நூல் விறைப்பாக நின்றது. கழற்றப் பார்த்தான், தோலுக்குள் இறங்கியிருந்தது. அந்தக் கை நிற்கவேயில்லை. அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்று, இழு. சுற்று, இழு. பின்னால் கரகரவென்று சத்தம் வந்தது. திரும்பினான். நூல் வாசல் பக்கம் போய்க் கருங்கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் இழுக்க இழுக்கக் கல் நகர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. அவன் கைதான் இழுத்தது. அவன் கையேதான்.

"ஐயோ" என்று பாய்ந்தான்.

கதவு சாத்திக்கொண்டது. புதுத் தாழ்ப்பாள். நன்றாக விழுந்தது.

இருட்டு. வாடை. புரளுகிற சத்தம்.

கதவை இரண்டு கையாலும் அறைந்தான். வெளியே காலடி. செருப்பில்லாத கால். ஈரக் கால். வந்து நின்றது.

"உள்ள ஆள் இருக்கா?"

பெண் குரல். சின்ன வயசு. கோபமே இல்லை. வேலை நேரத்தில் கேட்கிற மாதிரி, ஒழுங்காகக் கேட்டது.

இருக்கேன் என்று கத்த வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. நாக்கில் ஏதோ இழை தட்டியது. விரலை விட்டு நுனியைப் பிடித்து இழுத்தான். வந்தது. இழுக்க இழுக்க வந்தது. தொண்டைக்குள்ளிருந்து வந்தது. இழுத்த அளவுக்கு உள்ளே ஊறியது.

"உள்ள ஆள் இருக்கா?"

இருக்கேன் மேரி. இருக்கேன். நான்தான். வாய் நிறையப் பட்டு. மூச்சு மூக்கில் விசில் அடித்தது. கண்ணீர் வந்தது. தனக்காக வந்த கண்ணீர்தான். அவளுக்காக ஒரு சொட்டும் இல்லை.

அவள் காத்திருந்தாள். பதில் வரட்டும் என்று பொறுமையாக, நியாயமாக, ஊர் வழக்கத்தில் ஒரு குறையும் வைக்காமல் காத்திருந்தாள்.

"உள்ள ஆள் இருக்கா?"

அவன் வாயிலிருந்து வந்தது நூல் மட்டும்தான்.

சக்கரம் கிறீச்சென்றது. ஒரு சுற்று. தலைக்கு மேலே, எதோடும் சேராத அந்தக் குழாய்க்குள், எங்கோ தூரத்தில் உஸ்ஸென்று ஏதோ கிளம்பி வந்துகொண்டிருந்தது. பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. கொதிக்கிற சொட்டு.

தட்டினான். முட்டியால் தட்டினான். நெற்றியால் தட்டினான்.

வெளியே இன்னொரு காலடி. ரப்பர் செருப்பு தேய்கிற நடை. அவனுக்குத் தெரிந்த நடை. சகாயராணி! போனவள் திரும்பி வந்துவிட்டாள். அவள் கேட்டால் போதும். கதவைத் திறந்துவிடுவாள். தம்பி என்பாள். வெறி பிடித்தவன் மாதிரி இரும்பை அறைந்தான்.

"என்ன சத்தம் அது?" என்றாள் சகாயராணி, வெளியே.

"பைப்பு சத்தம்மா."

பை கீழே விழுந்தது. பல்பு உடைகிற சத்தம்.

"மேரி?"

"ஆமாம்மா. குளுருதும்மா. வா, வூட்டுக்குப் போலாம்."

கஸ்பார் தரையில் விழுந்து கதவிடுக்கில் கண்ணை வைத்தான். சிவப்பு வெளிச்சத்தில் ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள். அவற்றை ஒட்டி இன்னும் இரண்டு கால்கள், வெறுங்கால்கள். வெந்நீரில் ரொம்ப நேரம் ஊறினவை போல வெளுத்து, தோல் சுருங்கி, பச்சைத் தாவணியின் கிழிசல் மேலே தொங்க. நாலு கால்களும் திரும்பின. அவசரமில்லாமல், ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, ஏரிக்கரையில் நடந்து போயின.

அவன் முதுகுப் பக்கம் தட்டுகளில் கூடுகள் ஒவ்வொன்றாக நனைய ஆரம்பித்தன. ஆவி வந்தது.